குரலை எடுத்துவிட்டு முகத்தை வைத்துக்கொண்டார்கள்

தம்பி,

உன் காணொளியின் கீழே நான் எழுதிய வரிகளை நீ அழித்துவிட்டாய். பெற்ற தாயின் பெயரோடும் படத்தோடும் இருந்த வரிகள். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் அழைத்தும் நீ எடுக்கவில்லை. வெயிலில் நடந்து பாமன்கடையில் உன் அறைக்கு வந்தேன். உன்னோடு அறையில் இருக்கும் பெடியன் கதவை அரைவாசி திறந்து, "அன்ரி, அவன் எடிற்றிங்கில இருக்கிறான், பிறகு எடுப்பான்" என்றான். உள்ளே உன் குரல் எனக்குக் கேட்டது. ஆகவே நீ அழிக்க முடியாத இடத்தில் எழுதுகிறேன். இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உன் பெயரையும் உன் சனலின் பெயரையும் போடமாட்டேன். நீ மற்றவர் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காத மரியாதையை நான் என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்.

வாசிக்கிறவர்களுக்கு விளங்குவதற்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள். நீ சின்னவனாக இருந்தபோது சனிக்கிழமை பின்னேரங்களில் தமிழில் ஒரு விண்வெளித் தொடர் போனது. கோட்டுப் போட்ட ஒரு விரிவுரையாளர், கரும்பலகையும் ஒரு பூகோள உருண்டையும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுவார். அது போகும்போது நீ வீட்டில் ஒருவரையும் வாய் திறக்க விடமாட்டாய். குக்கர் விசில் அடித்தால்கூட என்னை முறைப்பாய். சனிக்கோளின் வளையம் பனிக்கட்டியால் ஆனது என்று அறிந்த அன்று குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டை வெளியே எடுத்து வைத்து, அது உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் தொடரைத்தான் இந்த வருஷம் புதிதாக எடுத்தார்கள். புதுப் படங்கள், புது இசை, புது அறிவிப்பாளர். மஞ்சுளா என்ற பெண். அவளிடம் கேட்டுத்தான் அந்தப் பெயரை இங்கே எழுதுகிறேன். பௌதிகவியல் படித்தவள். கொழும்புத் துறைமுகத்துப் பக்கம் ஜிந்துப்பிட்டியில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இன்றும் அங்கேயே இருப்பவள்.

முதல் பகுதி போன அன்றே சனம் எழுதத் தொடங்கிவிட்டது. நானும் அப்பாவும் அவற்றை வாசித்தோம். இசை சத்தம் கூடிப்போய்ப் பேச்சு கேட்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மை. பழைய ஐயா பேசும்போது வந்த அமைதி இதில் இல்லை என்று ரொறொன்ரோவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு அப்படித் தோன்றினால் சொல்லட்டும். சனி பகவானை வெறும் வாயு உருண்டை என்று சொல்லிவிட்டாள் என்று ஒரு சாத்திரியார் கொதித்திருந்தார். மலையகத்து ஹட்டனில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "எங்க வீட்டுல பேசுற மாதிரியே அக்கா பேசுறீங்க, எல்லாமே வெளங்குச்சு" என்று எழுதியிருந்தது. அப்பா அதை எனக்கு இரண்டாம் தரம் வாசித்துக் காட்டினார். சனம் என்றால் இப்படித்தான்: நாலு பேர் நாலு விதம். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பிறகு உன் காணொளி வந்தது. ஒளியாண்டு என்பது தூரம், அதை அவள் காலம்போலச் சொல்லிவிட்டாள் என்று தொடங்கினாய். சரி. அது பிழைதான், நீ கண்டுபிடித்தாய், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ அதை விட்டுவிட்டு ஒரு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். "சூரியன் பெருசா ஆயிருமுங்க" என்று குரலை இழுத்தாய். அந்த "ங்க"வை மட்டும் வெட்டி எடுத்து, இசை போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாய். "கருந்துளைய பத்திப் பேச வந்திருக்கிறா, முதல்ல தமிழைப் படிச்சிட்டு வரச் சொல்லுங்கோ" என்றாய். "ஜிந்துப்பிட்டியில இருந்து நேரா விண்வெளிக்கு, இடையில பள்ளிக்கூடம் இல்லைப்போல" என்றாய். நீ நன்றாகச் செய்தாய். உனக்கு அந்தத் திறமை இருக்கிறது. துப்பட்டாவோடு வந்து உட்கார்ந்தபோது முதலில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த வசனத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா சிரிக்கவே இல்லை. எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு உன் ஆட்கள் கிளம்பினார்கள். தோட்டத்துத் தமிழ் என்று ஒருவன். நாட்டாமை வீட்டு வேலைக்காரி போலப் பேசுகிறாள் என்று இன்னொருவன். அவளுடைய நிறத்தைப் பற்றி எழுதியவனின் வரியை நான் இங்கே எழுதமாட்டேன். நீ அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாய். என் வரிகளை அழிக்கத் தெரிந்த உனக்கு அந்த வரியை அழிக்கத் தெரியவில்லை. உன் மாமாமார் உன் காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டு, "எங்கட பெடியன் வெளுத்து வாங்கிறான்" என்று எழுதினார்கள். படித்த மனிசர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின மனிசர். ஒருத்தருக்கும் வெட்கம் வரவில்லை.

எனக்குத் தொலைபேசி எடுத்தது பிலோமினா. என்னோடு வங்கியில் வேலை செய்தவள், கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், உனக்குத் தெரியும். நத்தார் பண்டிகைக்கு உனக்குக் கேக் அனுப்புகிறவள்.

"அக்கா, அந்த வீடியோ போட்டது உங்கட மகன் தானே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"அந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும். எங்கட கொன்வென்ட்ல படிச்ச பிள்ளை. வெளியில வாறதே இல்லையாம். ஒழுங்கையில பெடியன்மார் அவவக் கண்டா 'ங்க, ங்க' எண்டு கத்துறாங்களாம். எனக்கு உங்ககிட்ட எப்பிடிச் சொல்லுற எண்டே தெரியேல்ல அக்கா."

அன்றுதான் நான் உன்னை முதலில் அழைத்தேன். நீ எடுத்தாய். நான் சொல்லி முடிக்கும்வரைகூட நீ பொறுக்கவில்லை.

"அம்மா, இது கொன்டென்ற். உங்களுக்கு விளங்காது. நான் செய்யாட்டி வேற ஒருத்தன் செய்வான்."

"வேற ஒருத்தன்ர தாய் அவனோட கதைக்கட்டும். நீ அதை எடு."

"ரீவியில வாறவை எண்டா நாலு பேர் நாலு கதை சொல்லுவினம்தான். தாங்க ஏலாட்டி ஏன் வாறா? நான் ஒண்டும் பொய் சொல்லேல்ல. அவ கதைக்கிறதைத்தான் நான் கதைச்சுக் காட்டினனான்."

அந்தக் கடைசி வசனத்தை நீ எவ்வளவு லேசாகச் சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை. ஏனென்றால் ஒருவர் கதைப்பதை அவர் முன்னாலேயே கதைத்துக் காட்டுவது என்ன வேலை என்று உனக்குத் தெரியும். நீ அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாய். சண்டை நடந்த காலம். கொழும்பில் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய், நான் பின்னால் பைகளோடு. எங்கே இருக்கிறாய் என்று ஆமிக்காரன் கேட்டான். 'குடியிருக்கிறேன்' என்பதற்கான சிங்களச் சொல் அப்பாவின் நாக்கில் ஒருநாளும் சரியாக உட்காராது. அவர் சொன்னதை அந்த ஆமிக்காரன் அப்படியே திருப்பிச் சொல்லிப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அவன் சிரித்தான். "ஆயெத் கியன்ன" என்றான், திரும்பச் சொல்லு என்று. அப்பா திரும்பச் சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அப்பா இன்னொரு தரமும் சொன்னார், அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்துக்கொண்டு. அவர்கள் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை, அடையாள அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். அவர்களும் பொய் ஒன்றும் சொல்லவில்லைத்தானே. அவர் கதைத்ததைத்தான் கதைத்துக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடாமல் படுத்ததும், நீ அவருடைய காலடியில் போய் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு நினைவில்லை என்றால் நீ மறந்தது எனக்கு விளங்கவில்லை. நினைவிருந்தும் செய்தாய் என்றால், நான் யாரை வளர்த்தேன் என்று விளங்கவில்லை.

நான் ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். பிலோமினா கோயிலடியில் நின்று கூட்டிக்கொண்டு போனாள். மஞ்சுளாவின் அப்பா துறைமுகத்தில் வேலை செய்கிறவர், அன்று வீட்டில் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் கதிரையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அவர் வந்திருந்தால் நான் அவருடைய முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன்.

மஞ்சுளா வந்து எதிரில் இருந்தாள். உன்னைவிட வயது குறைந்த பிள்ளை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க ஒண்ணும் செய்யலியே ஆன்ட்டி. ஒளியாண்டு பத்தி அவரு சொன்னது சரிதான். அது என்னோட பிழை. அடுத்த பகுதியிலயே முதல்ல அதத் திருத்திச் சொல்லிட்டுத்தான் தொடங்கினேன். அத அவரு போடல. அது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்."

"அது மட்டுமா பிள்ளை?" என்றேன்.

அவள் சொன்னாள். தொலைக்காட்சி நிலையத்தில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பார்வையாளர்களின் கருத்துகளைப் பார்த்தார்களாம். மீதிப் பகுதிகளில் அவளுடைய முகம் இருக்கட்டும், படம் எடுத்தாகிவிட்டது, குரலுக்கு வேறொருவரைப் போடுவோம் என்றார்களாம். "உங்களுக்கும் நல்லதுதானே, இனி யாரும் பகிடி பண்ண மாட்டாங்க" என்று ஒருவர் ஆறுதலும் சொன்னாராம்.

"வாய மட்டும் அசைச்சா போதும்னு சொல்றாங்க" என்றாள். "முடியாதுன்னு சொன்னேன். ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கேன், படம் அவங்களோடதுன்னுட்டாங்க."

அவளுடைய அப்பா அப்போதுதான் பேசினார். "சின்னப் புள்ளையில இருந்து பேச்சுப் போட்டிக்குப் போற புள்ளம்மா. இந்த வீட்டுல நாள் பூரா இதோட சத்தம்தான் கேக்கும். இப்ப பாருங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டில் சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் காணொளியின் கீழே எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் கருத்து எழுதினேன். "நான் இந்தப் பெடியனின் தாய். ஒளியாண்டு பற்றி இவர் சொன்னது சரி. மிச்சம் முழுவதும் எங்கள் குடும்பத்துக்கு வெட்கக்கேடு. அந்தப் பிள்ளை பேசுவது எனக்கு விளங்குகிறது. உங்களுக்கும் விளங்கியபடியால்தான் சிரிக்கிறீர்கள்." இதில் எந்தச் சொல் உன்னைச் சுட்டது? அழித்தது உன் உரிமை என்று கதவைத் திறந்த உன் கூட்டாளி சொன்னான். உரிமைதான். அடுத்த கிழமை தொடரில் மஞ்சுளாவின் வாய் அசைந்தது, வேறு யாரோ ஒரு பெண்ணின் வழுவழுப்பான குரல் வந்தது. சென்னையிலும் இல்லாத, யாழ்ப்பாணத்திலும் இல்லாத, ஒருவர் வீட்டிலும் பேசாத ஒரு தமிழ். உதடு ஒரு சொல்லுக்கு மூடும்போது குரல் இன்னொரு சொல்லில் நின்றது. நாங்கள் முழுவதையும் பார்க்கவில்லை. கீழே சனம் எழுதியிருந்தது: இப்போது நன்றாக இருக்கிறது, இப்போதுதான் தரமாக இருக்கிறது. உன் ஆள் ஒருவன் உனக்கு நன்றி சொல்லியிருந்தான்.

நிலையத்தையும் நான் விடவில்லை. இரண்டு தரம் போய் வாசலில் இருந்தேன். பொறுப்பான ஆள் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பத்திரிகையில் எழுதுவேன் என்றேன், எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்களில் எனக்கு இருக்கும் கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். அவர்கள் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர்கள். அந்தக் காற்றை ஊதினவன் நீ.

பிறகு நடந்ததையும் நீ அறிவாய், ஆனால் உனக்கு வந்தது யாரோ போட்ட ஒரு காணொளித் துண்டு மட்டும்தான். கடைசிப் பகுதி சூரியனின் முடிவைப் பற்றியது. அதைத் தன் வாயால் சொல்லியே தீருவேன் என்று மஞ்சுளா நின்றாள். கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் மண்டபம் ஒன்றைப் பிலோமினா பாதிரியாரிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தாள். ஞாயிறு பின்னேரம் போனோம். பிளாஸ்ரிக் கதிரைகள், சுவரில் ஒரு வெள்ளைத் துணி, அவள் தானே வரைந்த படங்கள். பக்கத்து ஒழுங்கைச் சனம், பூசை முடிந்து வந்தவர்கள், கொஞ்சம் மாணவர்கள். தொடக்கத்தில் அவள் தாளைப் பார்த்தே வாசித்தாள். ஒவ்வொரு வசனத்தையும் முடிக்குமுன் நிறுத்தி, அந்த "ங்க" வந்துவிடாமல் விழுங்கினாள். ஒரு பிள்ளை தன் பேச்சைத் தானே காவல் காத்துக்கொண்டு பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சூரியனின் எரிபொருள் முடிந்துபோகும் இடத்துக்கு அவள் வந்தாள். அப்போது பின்னால் இருந்து ஒருவன், உன் குரலில், உன் இழுவையோடு, "பெருசா ஆயிருமுங்க" என்றான். பின்வரிசை சிரித்தது. மஞ்சுளா நின்றுவிட்டாள். கையில் இருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். பாதிரியார் எழும்பப் பார்த்தார். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

உன் அப்பா, தம்பி. கலியாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கேட்டால்கூட என்னைப் பின்னால் இருந்து தள்ளிவிடுகிற மனிசன்.

"பிள்ளை, எனக்கொரு கேள்வி இருக்குது" என்றார். முன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "சூரியன் பெருசாகேக்க எங்கட பூமி என்ன ஆகும்? நீங்கள் வீட்டில எப்பிடிக் கதைப்பீங்களோ அப்பிடியே சொல்லுங்கோ. எனக்கு அப்பிடிச் சொன்னால்தான் விளங்கும்."

"நீங்க யாருங்க ஐயா?" என்று அவள் கேட்டாள். அவள் அவரைப் பார்த்ததில்லை.

"அந்த வீடியோ போட்ட பெடியன்ர தகப்பன்" என்றார் அப்பா.

பின்வரிசையில் சிரிப்பு நின்றது. மஞ்சுளா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டாள்.

"புதனையும் வெள்ளியையும் சூரியன் முழுங்கிருமுங்க ஐயா" என்றாள். "பூமியையும் முழுங்குமா, இல்ல தப்பிச்சுக்குமான்னு இன்னும் உறுதியாத் தெரியலைங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே கடல் எல்லாம் வத்திப் போயிரும். அத எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கோ" என்று அப்பா உட்கார்ந்தார்.

அவள் சொன்னாள். அதன்பிறகு ஒரு "ங்க"வையும் விழுங்கவில்லை. கை ஆடியது, முகம் மலர்ந்தது, இடையில் தன் பிழைக்குத் தானே சிரித்துத் திருத்திக்கொண்டாள். முடிந்த பிறகும் சனம் எழும்பாமல் கேள்வி கேட்டது. பின்வரிசையில் கத்தினவனும் ஒரு கேள்வி கேட்டான், நல்ல கேள்வி. அவனுக்கும் அதே பொறுமையோடு பதில் சொன்னாள். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

இப்போது நான் ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். அப்பா எழும்பி நின்றதை யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ இவ்வளவு நாளுக்குப் பிறகு ஒரு செய்தி அனுப்பினாய். எனக்கு அல்ல, அவருக்கு. "அப்பா, எல்லாருக்கும் முன்னால ஏன் என்னை இப்பிடி அவமானப்படுத்தினீங்கள்?" என்று கேட்டிருந்தாய். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். பதில் எழுத விரலை வைத்து வைத்து எடுத்தார். பிறகு போனை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

"நீரே எழுதும்" என்றார். "நான் எழுதினால் அவனைச் சமாதானப்படுத்திப்போடுவன்."

அதனால் நான் எழுதுகிறேன். நான் உன்னைச் சமாதானப்படுத்தமாட்டேன். அந்தக் காணொளியை எடு. எடுத்ததைச் சொல்லி இன்னொரு காணொளி போடாதே. கண்ணீரும் பின்னணி இசையுமாக மன்னிப்புக் கேட்டு அதற்கும் ஆள் சேர்க்காதே. போனை அறையில் வைத்துவிட்டு ஜிந்துப்பிட்டிக்குப் பஸ் ஏறு. அந்த வீட்டில் அவளுடைய அம்மா வெளியே வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால், அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேள். வராவிட்டால் வாசலில் நில். மஞ்சுளா மன்னிக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அதை எதிர்பார்த்துப் போகாதே.

அங்கே போய்விட்டு வெள்ளவத்தைக்கு, வீட்டுக்கு வா. அப்பா ஓடிவந்து கதவைத் திறப்பார், அவர் அப்படித்தான். நான் அடுப்படியில் இருப்பேன். உன்னோடு உடனே பேசுவேன் என்று நினைக்காதே. சாப்பாடு போட்டு வைப்பேன். இருந்து சாப்பிடு.

அம்மா